சுற்றிப் போனால்தான் சீக்கிரம்: கட்டி சார்க் ஓடிய கடல்வழி

1883 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் 4,289 பொதி ஆட்டு ரோமம் ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் கிளம்பியது கட்டி சார்க் என்ற பாய்க்கப்பல். லண்டன் இருப்பது மேற்கே. கப்பல் போனதோ கிழக்கே. பசிபிக்கைக் கடந்து, தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கில் ஏறி 83 நாளில் போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்திலிருந்து வரும்போது ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் கீழாக வருவார்கள். ஆக, ஒருமுறை சரக்கெடுத்துத் திரும்பினால் பூமியையே ஒரு சுற்று சுற்றியாயிற்று.

எல்லாம் காற்றுக்காகத்தான். பள்ளியில் ‘கர்ஜிக்கும் நாற்பதுகள்’ என்று படித்திருப்போமே, அதுதான் இந்தக் கப்பல்களின் நெடுஞ்சாலை. தென் அட்சரேகை 40 பாகையைத் தாண்டினால் குறுக்கே நிலம் மிகக் குறைவு. மேற்கிலிருந்து வீசும் காற்று தடையில்லாமல் பூமியைச் சுற்றிவரும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் காற்று பலமாக வீசும் கடலுக்கு ஆயிரம் மைல் சுற்றிப் போனாலும் லாபம்தான். 1885 முதல் கட்டி சார்க்கின் தலைவராக இருந்த ரிச்சர்ட் உட்ஜெட் பனிப்பாறை ஆபத்தையும் மீறி இன்னும் தெற்கே இறங்கிப் போனவர். சிட்னியிலிருந்து 73 நாளில் இங்கிலாந்தைப் பிடித்தார்.

காற்று இலவசம், ஆனால் அதைப் பிடித்து வேலை வாங்குவது மனித உடல். கட்டி சார்க்கில் 32 பாய்கள், சுமார் 18 கிலோமீட்டர் கயிறு. இத்தனையையும் ஆள 25, 30 பேர். இரண்டு அணியாகப் பிரிந்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுவார்கள். ஒரே அணிக்கே தினமும் நள்ளிரவு முறை விழாமலிருக்க, மாலை 4 முதல் 8 வரையுள்ள முறையை மட்டும் இரண்டிரண்டு மணியாக உடைத்தார்கள்.

காற்று எதிரே அடித்தால்தான் பாடு. குறுக்குப் பாய்கள் கொண்ட கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 60 பாகைக்கு மேல் நெருங்க முடியாது. வலமும் இடமுமாக வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு அணியும் தளத்துக்கு வந்துவிடும். முதலில் நல்ல வேகம் எடுத்து, சுக்கானைத் திருப்பி மூக்கைக் காற்றுக்கு நேரே கொண்டுவருவார்கள். பாய்கள் தளர்ந்து படபடக்கும். முன்மரத்துப் பாய்களில் காற்று முன்பக்கமாக மோதி, மூக்கை அடுத்த பக்கம் தள்ளும். அந்தப் பாய்களின் மறைவில் நடுமரத்துப் பாய்களுக்குக் காற்று படாத சில நொடிகள் கிடைக்கும். பல டன் எடையுள்ள பருமல்களை, அதாவது பாயைத் தாங்கும் குறுக்கு மரங்களை, அந்த நொடிகளில் கயிறு இழுத்துத் திருப்பிவிட வேண்டும். பிந்தினால் கப்பல் நின்று பின்னோக்கி நகரத் தொடங்கும். காற்றின் தடையையே திருப்பும் விசையாக்கிய இந்த உத்தியை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

கப்பலின் அடிப்புறமும் முக்கியம். கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடலுயிரி) பாசியும் ஒட்டினால் வேகம் போய்விடும். செம்புக் கலவைத் தகடு அடித்தால் அவை ஒட்டாது. ஆனால் கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பில் இரும்பு கரையும். கட்டி சார்க்கில் சட்டகம் இரும்பு, மேற்பலகை மரம், அதன் மேல் தகடு. மரம் இடையில் நின்று இரண்டையும் பிரித்தது.

சரக்கடைப்பு தனி வேலை. ரோமப் பொதிகளைத் திருகு ஜாக்கி வைத்து நெருக்கி, ஓரிடம் விடாமல் திணிப்பார்கள்.

தேயிலைக்காகக் கட்டிய கப்பல் ரோமத்துக்கு வந்ததற்குக் காரணம் சூயஸ் கால்வாய். 1869 நவம்பர் 17இல் கால்வாய் திறந்தது. 22இல் இந்தக் கப்பல் நீரில் இறங்கியது. கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் சீனத் தேயிலையைப் பறித்துக்கொண்டன. ஆஸ்திரேலியத் தூரத்துக்கு மட்டும் நிலக்கரிச் செலவு கட்டுப்படியாகாததால், அங்கே பாய்க்குக் கொஞ்சகாலம் பிழைப்பிருந்தது. 1889 ஜூலையில் ஒருநாள் இரவு, சிட்னிக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டானியா என்ற பயணிகள் நீராவிக் கப்பலையே கட்டி சார்க் முந்தியது.

ஆனால் அதற்குள் மும்முறை விரிவு எஞ்சின் வந்துவிட்டது. ஒரே நீராவியை மூன்று உருளைகளில் அடுத்தடுத்து வேலை வாங்கும் அந்த எஞ்சினுக்கு நிலக்கரி குறைவாகவே போதும். 1881இல் அபர்டீன் என்ற கப்பல் அதைக்கொண்டு 42 நாளில் மெல்போர்ன் போயிற்று. ரோமமும் நீராவிக் கப்பல்களுக்கு மாறியது. 1895இல் கட்டி சார்க் ஒரு போர்த்துகீசிய நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.