மீட்ட முயலுக்கு ஜோடி தேடாதீர்கள்

தெருவில் விடப்பட்ட தொங்குகாது முயலைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வருபவர்கள் இளகிய மனசுக்காரர்கள். நாயிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் ஓர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் புண்ணுக்கு மருந்து போட்டு முடித்ததும் பலர் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கு ஒரு ஜோடி எங்க கிடைக்கும் டாக்டர்? ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே."

வேண்டாம் என்பேன். காரணம் அந்தக் காதிலேயே இருக்கிறது.

நிமிர்ந்த காதில் குழாய் திறந்திருக்கும், மெழுகு தானாக வெளியேறும். தொங்கும் காதில் அடிக்குருத்தெலும்பு மடங்கிக் குழாயை நெரிக்கிறது. மெழுகு தேங்கிச் சீழ் பிடிக்கிறது. முயலின் சீழ் பனீர் மாதிரி கெட்டியாக இருக்கும், தானாக வடியாது. உட்காதுவரை போனால் தலையே ஒருபக்கம் சாய்ந்துவிடும். இங்கிலாந்துக் காப்பகம் ஒன்றில் 30 முயல்களைப் பரிசோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், நிமிர்காது முயல்களைவிடத் தொங்குகாது முயல்களுக்கே காதுக் கோளாறும் பல் கோளாறும் அதிகமாக இருந்தன.

அடுத்தது குள்ளம். ஹாலந்து லாப் என்ற தொங்குகாதுக் குள்ள முயல், நெதர்லாந்தில் பிரெஞ்சு லாப் என்ற பெரிய தொங்குகாது இனத்தையும் குள்ள இனத்தையும் கலந்து உருவாக்கியது. தாய் தகப்பன் இரண்டும் குள்ள மரபணுவைச் சுமந்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அதை இரட்டையாகப் பெற்றுப் பிறக்கும். அது சில நாட்களில் செத்துவிடும், காப்பாற்ற வழியில்லை. கடைக் கூண்டில் நாம் பார்த்து ரசிப்பது மிச்சமுள்ள மூன்றைத்தான். இது தெரிந்தபின்னும் ஜோடி சேர்ப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

வீட்டில் இருக்கும் முயலை நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை காதின் அடியை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். வீக்கம், நாற்றம், தொட்டால் திமிறுதல் எது இருந்தாலும் அழைத்து வாருங்கள். பட்ஸ் விட்டுக் குடைய வேண்டாம். நகத்தை வெட்டிவிடுங்கள், நீண்டால் சொறியும்போது தன் காதையே கிழித்துக்கொள்ளும். பல் ஆயுசு முழுக்க வளரும், அது தேய்வதற்குப் புல்லை அரைத்துத் தின்றாக வேண்டும். அறுகம்புல்லும் உலர்புல்லும்தான் சாப்பாடு. கேரட் எப்போதாவது ஒரு துண்டு போதும்.

நாயின் உண்ணிக்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை முயல்மேல் விடவே கூடாது, வலிப்பு வந்து உயிர் போகும். வீட்டில் மிஞ்சிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழி கொடுத்தால் குடல் கெட்டுச் சாகும். 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் கிடந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கோடையில் மொட்டைமாடிக் கூண்டு வேண்டவே வேண்டாம்.

தனியாக இருக்கிறதே என்ற கவலை நியாயமானது, முயல் கூட்டமாக வாழும் பிராணி. காப்பகத்திலிருந்து இன்னொன்றை எடுத்து, இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். பெண்ணுக்கு வயதானபின் பரவலாக வரும் கருப்பைப் புற்றும் இதனால் தவிரும். அறுவைக்கு முந்தைய இரவு நாயைப்போல் பட்டினி போட வேண்டாம், முயலுக்கு வாந்தி வராது, வெறும் குடல்தான் ஆபத்து. ஆணுக்கு அறுவை முடிந்த பிறகும் ஆறு வாரம் தனிக் கூண்டு. அதன்பின் சேர்த்து விடலாம்.