வேலை செய்கிற முதுகுக்கு எதற்கு எக்சர்சைஸ்?

மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிசியோதெரபி அறை வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எப்படியும் காதில் விழும். "நாள் பூரா மலை ஏறி இறங்குறேன் மிஸ். கூடையைத் தலையில மாட்டிக்கிட்டே நிக்கிறேன். இதுக்கு மேல எனக்கு என்ன எக்சர்சைஸ்?" நியாயமான கேள்விதான். "சொன்னதைச் செய்யுங்க அக்கா" என்று அனுப்பிவிடுவது அதற்குப் பதில் ஆகாது.

தேயிலைக் கொழுந்துக் கூடையை முதலில் பார்ப்போம். கூடை இருப்பது முதுகில். ஆனால் அதன் கயிறு உச்சந்தலையில், மடித்துப் போட்ட துணிக்கு மேல் உட்காருகிறது. சில தோட்டங்களில் கூடை போய்ச் சாக்குப் பை வந்துவிட்டது, கயிறு மட்டும் அதே இடத்தில்தான். அந்தக் கயிறு தலையைப் பின்னாலும் கீழேயும் இழுக்கிறது. தலை போகாமல் இருக்கக் கழுத்தை முன்னே நீட்டி இறுக்கிப் பிடிக்க வேண்டும், கண்ணோ கொழுந்தைத் தேடிக் கீழே பார்க்க வேண்டும். நிறுக்கப் போகும்வரை பாரம் ஏறிக்கொண்டே இருக்கும், கழுத்து அசையாது.

இடுப்பில் நடப்பது நெம்புகோல் கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவரின் இடுப்புக்கு மேற்பட்ட உடல் கிட்டத்தட்ட முப்பது கிலோ இருக்கும். செடிக்கு மேல் குனியும்போது அந்த எடை முள்ளந்தண்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் முன்னே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தாங்கிப் பிடிக்கும் முதுகுத் தசை முள்ளந்தண்டுக்குப் பின்னால் வெறும் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தத் தசை 120 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். கூடையை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. 1999இல் ஜேர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் ஒரு தன்னார்வலரின் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே, அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தைக்குள்ளேயே, அழுத்தமானியை வைத்து அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். முன்னே குனிந்தபோது 1.1. இரண்டு மடங்குக்கும் மேல்.

சரி, அப்படியானால் பாரம் டிஸ்க்கை நசுக்கிவிட்டது, அதுதான் வலி என்று முடித்துவிடலாமா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ போய், கடன் வாங்கியாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, "டிஸ்க் தேய்ஞ்சு போச்சு" என்ற செய்தியோடு திரும்பி வருகிறார்கள். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தது. ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது, 60 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. வலி யாருக்கும் இல்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பில் முட்டிக் கால்வரை இழுக்கிற வலிகூடப் பெரும்பாலும் கத்தியில்லாமல் அடங்கும். வெளியே வந்த துண்டை உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களே மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. நெதர்லாந்தில் இப்படிப்பட்ட 283 பேரில் ஒரு பாதிக்கு உடனே ஒபரேஷன் செய்தார்கள், மற்றப் பாதியைக் காத்திருக்க வைத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் பிறகு செய்தார்கள். உடனே செய்துகொண்டவர்கள் சீக்கிரம் தேறினார்கள். ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். 2007இல் வந்த முடிவு இது.

அவசரம் என்று ஓட வேண்டிய நிலைமைகளும் உண்டு. சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவது, வயதான பெண் வழுக்கி விழுந்த பிறகு வருகிற வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) படுத்திருக்கக் கூடாது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட வலி என்பார்கள். அந்த எல்லையைத் தாண்டியதும் பலருக்குக் கதை தசையிலிருந்து நரம்புக்கு நகர்கிறது. தொடர்ந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடத்திலுள்ள நரம்புச் செல்கள் கூருணர்ச்சி கொள்கின்றன என்று நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வுல்ஃப் 1983இல் எலிகளில் காட்டினார். ஒருதரம் கள்ளன் வந்துபோன வீட்டு நாய், காற்றில் கூரைத் தகரம் ஆடினாலும் குரைக்கும், அந்த மாதிரி. முதலில் பட்ட காயம் ஆறியிருக்கும், சாதாரண அசைவுக்கும் வலி கிளம்பும். வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் இந்தக் கட்டத்தில், எலும்பைச் சரிசெய்ய முயலும் வைத்தியத்தைவிட நரம்பைச் சமாதானப்படுத்தும் வைத்தியங்களுக்கே அதிக வேலை.

தைலம் அப்படி ஒன்று. அதிலுள்ள மெந்தோல், தோலில் குளிரை அறியும் நரம்பு வாயிலைத் திறக்கிறது. மிளகாயிலுள்ள கெப்சைசின் சூட்டை அறியும் வாயிலைத் திறக்கிறது. இந்தச் சூட்டு வாயிலை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. குளிர், சூடு, தடவல் ஆகிய செய்திகள் தண்டுவடத்துக்குள் நுழையும்போது வலிச் செய்திக்கு வழி குறுகுகிறது. மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965இல் முன்வைத்த கோட்பாடு இதுதான். பிற்காலத்தில் நுணுக்கங்கள் பல திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. மசாஜ், சுடுதண்ணீர்ப் போத்தல் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் சுகம் தருகின்றன. சில மணி நேரத்துக்கு. அந்தச் சில மணி நேரத்தில் அசைந்து பழகினால் லாபம், படுத்துக் கழித்தால் நட்டம்.

கால் முன்னால் பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் காலால் தடவச் சொல்வதும் நம்மிடம் உண்டு. திடீர்ப் பிடிப்பு எப்படியும் சில நாட்களில் இளகிவிடும். பேர் மட்டும் அந்தக் காலுக்குப் போய்விடும். கெடுதல் இல்லாத வைத்தியம், நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

இடுப்பு பெல்ட் விஷயத்தில் கொஞ்சம் சண்டை போடத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. பெல்ட்டும் வேண்டாம், எடை கட்டி இழுக்கும் ட்ரெக்ஷனும் வேண்டாம், ஓபியொயிட் என்ற அபின் வகை வலி மாத்திரையும் வேண்டாம் என்றது. வேண்டும் என்றவை: வலியைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, மசாஜ், பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் முள்ளந்தண்டுச் சிகிச்சை, வலி பற்றிய பயத்தையும் எண்ணங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சை, டைக்ளோபினாக் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரைகள். அந்த மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு, டொக்டர் சொன்ன அளவில் எடுக்கலாம். பிரஷர், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருப்பவர்கள் பார்மசியில் தாங்களாகவே வாங்கி விழுங்குவது ஆபத்து. முதுகில் போடும் ஸ்டீரோயிட் ஊசி காலுக்கு இறங்கும் வலியைச் சிலருக்குச் சில வாரங்கள் தணிக்கும், அவ்வளவுதான்.

இனி அந்த அக்காவின் கேள்வி. கொழுந்து பறிப்பது கடும் உழைப்புதான், ஆனால் உடற்பயிற்சி வேறு. வேலையில் அளவைத் தீர்மானிப்பது கொழுந்தும் கணக்குப்பிள்ளையும். வலித்தாலும் கிலோ குறையக் கூடாது. ஒரே தசைகள் ஒரே திசையில் இறுகியே இருக்கும். இறுகிய தசைக்குள் இரத்தம் சரியாக ஓடாது. பயிற்சியில் அளவு உங்கள் கையில், திசையும் உங்கள் கையில். வேலையில் குனிந்தால் இங்கே நிமிர வேண்டும். இறுகிக் கிடந்த தசை மாறிமாறிச் சுருங்கி விரியும். 'இந்த அசைவால் ஒன்றும் ஆகவில்லை' என்று நரம்புக்கு மறுபடி மறுபடி செய்தி போகும். முழு ஓய்வு இதற்கு மாற்று இல்லை. திடீர் முதுகுவலிக்கு இரண்டு நாள் மட்டும் படுக்கச் சொன்னவர்கள், ஏழு நாள் படுக்கச் சொன்னவர்களைவிட 45 சதவீதம் குறைவாகவே வேலைநாட்களை இழந்தார்கள் என்று 1986இலேயே அமெரிக்காவில் கண்டார்கள். 2024இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வில், வலி குணமான 701 பேரில் படிப்படியாக நடைப்பயிற்சிக்குப் பழக்கப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். அது வெறுங்கையோடு, நிமிர்ந்து, தன் வேகத்தில் நடக்கும் நடை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடப்பது அதில் சேரும், கூடையோடு ஏறுவது சேராது.

செய்து பார்க்க இடம், கருவி எதுவும் வேண்டாம். நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கியதும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் மெதுவாக வளையலாம், ஒரு ஐந்தாறு தரம். பிறகு, கண்ணை நேரே வைத்து மோவாயை மட்டும் உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடலாம். கயிற்றுக்கு எதிராக முன்னே நீண்டு கிடந்த கழுத்துக்கு இது நேர் எதிர்த் திசை. தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்து இறுக்குவது மூன்றாவது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகாது. ராத்திரி லயத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து இன்னொரு தரம். தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரம் வலி கொஞ்சம் கூடலாம். மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டால் தொடரலாம், இறங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். கை விரல் மரத்தாலோ வலி காலுக்கு இறங்கினாலோ நிறுத்திவிட்டு கிளினிக்கில் காட்ட வேண்டும்.