கடைசி 20 விநாடியில் உடையும் காம்போ

போன மே மாதம் ஒரு மத்தியானம், கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் அம்மாவோடு வந்தான். இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். மெடிக்கலில் வாங்கித் தானே சுற்றிக்கொண்டது. என்ன செய்யும்போது வலிக்கிறது என்று கேட்டேன்.

"டைப்பிங், மேடம்."

"டைப்பிங்காமா!" என்றார் அம்மா. "கம்ப்யூட்டர்ல பாட்டைப் போட்டுட்டு ரெண்டே ரெண்டு கீயை டொக்கு டொக்குனு தட்டிட்டே இருக்கானுங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும். பக்கத்து வீட்ல வந்து தையல் மிஷின் வாங்கியிருக்கீங்களான்னு கேக்கறாங்க."

"எந்தப் பாட்டு, என்ன வேகம்?" என்றேன். பையன் சட்டென்று நிமிர்ந்தான். அதுவரை அவனுக்கு வைத்தியம் பார்த்த இரண்டு பேரும் விளையாட்டை நிறுத்து என்றதோடு சரியாம். எனக்கு இந்தக் கேள்வி தொழிலில் பழகிப்போனது. கோவையில் 14 வருடமாகக் கை, விரல் பிரச்சினைகளுக்கு மட்டும் பிசியோதெரபி பார்க்கிறேன். திருப்பூர் தையல்காரர் வந்தால் என்ன மிஷின், என்ன துணி என்று கேட்பேன். மிருதங்கம் வாசிப்பவரிடம் எந்தத் தாளம், எவ்வளவு நேரத் தனி என்று கேட்பேன். விரல் என்ன வேலை செய்தது என்று தெரியாமல் அதற்கு வைத்தியம் பார்க்க முடியாது.

"ஓசு மேடம். 200 பிபிஎம் ஸ்ட்ரீம் மேப்" என்றான்.

இந்த ரிதம் கேம் உலகம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாட்டு ஓடும், திரையில் குறிகள் (நோட்டுகள்) வரும், தாளம் தவறாமல் கட்டையையோ பொத்தானையோ தட்ட வேண்டும். ஒன்றையும் விடாமல் தொடர்ந்து தட்டினால் அது காம்போ. கோனாமி 1997-இல் பீட்மேனியாவையும் 1998-இல் டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனையும் ஆர்கேடில் இறக்கியது. 2005-இல் பிளாஸ்டிக் கிதாரோடு கிதார் ஹீரோ வந்தது. ஓசு 2007-இல் வந்த கணினி விளையாட்டு; பெரும்பாலானோர் வலது கையில் மவுஸோ டேப்லெட் பேனாவோ பிடித்துக் குறிவைப்பார்கள், இடது கையின் இரண்டு விரல்களால் இரண்டு கீகளை மாற்றி மாற்றித் தட்டுவார்கள். ஒரு பாட்டுக்கு நோட்டுகளை அடுக்கிவைத்ததுதான் மேப்; நோட்டுகள் இடைவிடாமல் வரிசையாக வருவது ஸ்ட்ரீம். இவற்றில் எல்லாம் "முடியவே முடியாது" என்று பெயரெடுத்த பாட்டுகள் சில உண்டு. அதிகம் பேசப்பட்டது 2007-இல் வந்த கிதார் ஹீரோ 3-இன் கடைசியில் காத்திருக்கும் 'த்ரூ த ஃபயர் அண்ட் ஃப்ளேம்ஸ்'. எக்ஸ்பர்ட் நிலையில் ஏழு நிமிடத்துக்கு மேல், 3,722 நோட்டு. சராசரி போட்டால் விநாடிக்கு எட்டு. அதன் ஆரம்பத்தைத் தாண்டவே பலர் பச்சைப் பொத்தானை ரப்பர் பேண்டால் கட்டிவைத்து ஆடினார்கள். ஒரு விரலுக்காவது ஓய்வு கிடைக்குமே!

சரி, நம் பையனின் கணக்குக்கு வருவோம். 200 பிபிஎம் என்றால் நிமிடத்துக்கு 200 தட்டு தாளம். ஒரு தாளத்துக்கு நான்கு நோட்டு விழும் ஸ்ட்ரீமில் விநாடிக்கு 13-க்குச் சற்று மேல். இரண்டு நோட்டுக்கு நடுவே 75 மில்லிவிநாடி. இரண்டு விரல் பங்கிட்டுக்கொண்டாலும் ஒரு விரலுக்கு விநாடிக்கு ஆறேழு தட்டு. பழக்கம் இல்லாதவர்களின் ஒற்றை விரல் கொஞ்ச நேரத்துக்குத் தாக்குப்பிடிக்கும் உச்ச வேகமே ஏறக்குறைய அதுதான். இவன் அதை நிமிடக்கணக்கில் கேட்கிறான்.

வேகம் கூடும்போது முன்கையில் ஒன்று நடக்கிறது. விரலை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் முறைவைத்து வேலை செய்ய வேண்டும். களைப்பு வந்தாலோ பதற்றம் வந்தாலோ இரண்டும் ஒரே சமயத்தில் இறுகிக்கொள்ளும். கை கட்டையாகிவிடும். வேகம் குறைகிறதே என்று ஆடுபவர் இன்னும் அழுத்துவார். தசைநாண்கள் தங்கள் உறைக்குள் இன்னும் உரசும். முதலில் கனம், அப்புறம் எரிச்சல், அப்புறம் பல் துலக்கும்போதே வலி.

என் மேஜையில் ஒரு சமையலறைத் தராசு இருக்கிறது, மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு. அதை அவன் பக்கம் தள்ளி, "பாட்டின் கஷ்டமான இடத்தில் கீயை எப்படி அமுக்குவாயோ அப்படி இதன் மேல் ஆள்காட்டி விரலை வை" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். 620 கிராம். அவன் வைத்திருக்கும் விசைப்பலகையின் சிவப்பு ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டியது சுமார் 45 கிராம். அதுவும் பாதி ஆழம், 2 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். "பத்து மடங்குக்கு மேல கொடுக்கறே தம்பி" என்றேன். "மெதுவா அமுக்கினா மிஸ் ஆயிரும் மேடம்" என்றான். ஆகாது. ஆனால் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

அடுத்து நான் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பாட்டை ஆரம்பிப்பாய்? அறுபது இருக்கும் என்றான். கடைசி ஸ்ட்ரீம் வரை எத்தனை முறை போவாய்? யோசித்துவிட்டு, நாலு, அஞ்சு. எங்கே மிஸ் ஆகும்? கடைசி 20 விநாடியில். ஆனதும் என்ன செய்வாய்? ரீஸ்டார்ட்.

கணக்கைப் பாருங்கள். ஏற்கெனவே தண்ணி பட்ட பாடாக வரும் முதல் அரை நிமிடத்தை அறுபது முறை வாசிக்கிறான். வராத இடத்தை நாலு முறைதான் தொடுகிறான், அதுவும் கை இறுகிப்போன பிறகு, இதயம் படபடக்க. வலி முழுக்க தெரிந்த பகுதியைத் திரும்பத் திரும்பத் தட்டிச் சேர்த்தது. என்னிடம் வரும் ரிதம் கேம் பிள்ளைகளில் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் பழகுகிறார்கள். 98 சதவீதத்தில் தோற்றால் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே தடவை என்றுதான் தோன்றும். விளையாட்டும் ஒரே கீயில் மறுபடி ஆரம்பிக்க வழி வைத்திருக்கிறது.

கஷ்டமான பாட்டைக் கடைசியிலிருந்து பழகுங்கள். கிதார் ஹீரோ 3-இல் பயிற்சிப் பகுதி இருக்கிறது. பாட்டைப் பகுதி பகுதியாக எடுத்து வேகத்தைக் குறைத்து ஆடலாம். ஓசுவில் முக்கால் வேகத்துக்கு ஹாஃப் டைம் உண்டு. மேப்பை எடிட்டரில் நகலெடுத்துக் கடைசி 20 விநாடியை மட்டும் விட்டு மீதியை அழித்துக்கொள்ளலாம். அந்த 20 விநாடி முக்கால் வேகத்தில் தளர்ந்த கையோடு வர வேண்டும். வந்தால் அதற்கு முந்தைய 20 விநாடியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டலாமா என்பதற்கு ஸ்கோரைப் பார்க்காதீர்கள், தோளைப் பாருங்கள். தோள் காதுப் பக்கம் ஏறினால் அந்த வேகம் இன்னும் உங்களுடையது ஆகவில்லை.

கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. அலங்காரத்தை முதல் காலத்தில் பாடாமல் யாரும் மூன்றாம் காலத்துக்குப் போவதில்லை. என்னிடம் கட்டைவிரல் வலிக்கு வந்த மிருதங்க வாத்தியார் ஒருவர், மாணவன் சொல்லை வாயால் சுத்தமாகச் சொல்லும்வரை வாத்தியத்தில் கை வைக்க விடமாட்டாராம். அதைப் பையனிடம் சோதித்தேன். தடுமாறும் இடத்தைப் பாதி வேகத்தில் "தகதிமி தகதிமி" என்று சொல்லச் சொன்னேன். ஸ்ட்ரீம் நடுவே மூன்று நோட்டுக் கொத்து ஒன்று வரும் இடத்தில் வாய் குழறியது. கை பலவீனம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் அவனுக்குப் பாடமே ஆகாத இடம். கண்ணுக்கும் மனதுக்கும் பிடிபடாததைக் கை பலத்தால் ஈடுகட்டப் பார்க்கும். கிதார் ஹீரோ மாதிரி குறிகள் உருண்டு வரும் விளையாட்டுகளில் ஓட்ட வேகத்தைக் கூட்டிப் பாருங்கள் என்று சொல்வதும் இதனால்தான். மெதுவாக வந்தால் குறிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். வேகமாக வந்தால் இடைவெளி விட்டு வருவதால் படிக்க எளிது.

புளூடூத் இயர்போன் போட்டு ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒலி தாமதமாக வருகிறது. தவறு கையில் இல்லாதபோதும் கையைத் திட்டிக்கொண்டு இன்னும் பலமாக அடிப்பீர்கள். வயர் போட்டதை வாங்குங்கள். ஒலியையும் குறிகளையும் ஒத்துப்போகச் செய்யும் கேலிபரேஷனைச் சரிபாருங்கள்.

ஓய்வு பற்றிச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் ஸ்கோர் பாஷையில் சொல்கிறேன். 2002-இல் ஹார்வர்டில் ஒரு சோதனை. விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்ததும், மேலும் பழகாமலே, சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். 2019-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களை இடது கையால் 10 விநாடி தட்டச்சொல்லி, 10 விநாடி சும்மா இருக்கச்சொல்லிப் பார்த்தார்கள். புதிதாகக் கற்கும் அந்த ஆரம்ப கட்டத்தில் முன்னேற்றம் சேர்ந்தது சும்மா இருந்த விநாடிகளில்தான். ராத்திரி ஒன்றரை மணிக்கு நாற்பதாவது ரீஸ்டார்ட் போடுகிறவர், தூங்கினால் தானாகக் கிடைத்திருக்கும் வேகத்தை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்.

போனில் கட்டைவிரலால் ஆடுகிறவர்களுக்கு வலி வேறு இடத்தில் வரும்: கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரம். 1895-இல் இதை விவரித்த சுவிஸ் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் பெயரால் அழைக்கிறோம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வலி வந்த தாய்மாரும், ரிதம் கேம் ஆடும் ப்ளஸ் டூ பையனும் என் வரவேற்பறையில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது இந்த ஒரே வலிக்காகத்தான். வீடியோ கேமுக்கும் விரல் வலிக்கும் உறவு பழையது. 1990-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில், தொடர்ந்து ஐந்து மணி நேரம் நின்டெண்டோ ஆடிக் கட்டைவிரல் தசைநாண் புண்ணான 35 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதி, 'நின்டெண்டினைடிஸ்' என்றே பெயர் வைத்தார்கள்.

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டைச் சாய்த்துப் பார்க்கும் சோதனையை யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். வம்படியாகச் சாய்த்தால் நன்றாக இருப்பவருக்கும் வலிக்கும். அதை வைத்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள்.

ஆடும் நேரத்தில் மட்டும் வந்து, நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் போய்விடும் அலுப்புக்கு என்னிடம் வர வேண்டியதில்லை. ஆட்டத்தைக் குறைத்து, ஏசி அறையில் கை சில்லிட்டிருந்தால் சூடுபடுத்திக்கொண்டு, முதல் பத்து நிமிடம் சுலபமான பாட்டுகளாக ஆடிப் பாருங்கள். ஆனால் காலையில் எழும்போது விரல் மடங்கிச் சிக்கிக்கொள்கிறது, மரத்துப்போய் ராத்திரி தூக்கம் கலைகிறது, டம்ளர் கை நழுவுகிறது, வலி இரண்டு வாரம் தாண்டிவிட்டது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும் மரத்தால் பல நேரம் குற்றவாளி மணிக்கட்டு கிடையாது, மேஜை விளிம்பில் ஊன்றியிருக்கும் முழங்கை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது எல்லாவற்றிலும் மோசம். நிறுத்தச் சொல்லும் மணியைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிற மாதிரி.

பையனுக்கு முதல் பத்து நாள் ஓசு இல்லை, மணிக்கட்டை அசையாமல் பிடிக்கும் ஸ்பிளிண்ட், அதோடு எளிய பயிற்சிகள். அம்மாவுக்கு அது போதவில்லை. "ஏனுங்க மேடம், அந்தக் கீபோர்டைப் பிடுங்கி பீரோல வெச்சுட்டா சரியாப் போயிருமில்லீங்க?" பிடுங்கினால் நண்பன் வீட்டில் ஆடுவான், வலித்தாலும் வீட்டில் சொல்ல மாட்டான் என்றேன். என் அனுபவத்தில் வலியை மறைத்து வருகிறவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள். பத்து நாளுக்கு அப்புறம் 15 நிமிடம், முக்கால் வேகம், கடைசி 20 விநாடி மட்டும். வாரத்துக்கு வாரம் வலி ஏறாவிட்டால் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். தினமும் ஆரம்பிக்கும் முன் தராசில் விரலை வைத்து 100 கிராமுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏழாவது வாரம் வந்தபோது 90 காட்டியது. ஃபுல் காம்போ வந்ததா என்றேன். இன்னும் ஒரு மிஸ் இருக்கிறதாம், ஆனால் அது இப்போது பாட்டின் நடுவில் நடக்கிறதாம். கடைசி ஸ்ட்ரீம் தூங்கிக்கொண்டே வரும் என்றான். அம்மாவுக்குப் புதிதாக ஒரு புகார் இருந்தது. "பலகாரத்துக்கு மாவு நிறுக்கலாம்னு தேடினா தராசு சமையலறையில இருக்கறதே இல்லீங்க மேடம். அவன் ரூம்லதான் கிடக்குது."