ரிப்பனில் தண்டவாளத்தைப் பிடிப்பதற்கு முன்

ஜூலையில், ஆஷ்காஷ் விமானக் கண்காட்சி தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஆஷ்காஷ் நார்த் ஃபார்ட்டி புல்வெளியில் விமானத்தைக் கட்டிப்போட்டு, இறக்கைக்கு அடியில் கூடாரமும் அடித்துவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினேன். போன் அடித்தது.

"அண்ணா, நான் ஃபாண்ட் டு லாக்கில் இறங்கிட்டேன். அங்கே வர முடியலை."

"ஏன் தம்பி, என்ன ஆச்சு?"

"முன்னாடி போனவன் ரொம்ப மெதுவாப் போனான். கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கினேன். பார்த்தா என் இறக்கை நுனிக்குப் பக்கத்திலேயே இன்னொரு விமானம். ஏ.டி.சி. ஒரு வார்த்தை சொல்லலை அண்ணா!"

ஏ.டி.சி. என்றால் தரையிலிருந்து ரேடியோவில் வழிநடத்துகிற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள். கடைசியாகச் சொன்னானே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல பையன். சிகாகோ பக்கம் மென்பொருள் வேலை, சொந்தச் சம்பாத்தியத்தில் உரிமம் எடுத்தவன், கை சுத்தம். பதற்றத்திலும் வரிசையை விட்டு விலகி வேறு நிலையத்தில் இறங்கினான் பாருங்கள், அது சரியான முடிவு. ஆனால் இந்தக் கோடையில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஒருவன் மாட்டினால் அவன் தப்பு என்று விடலாம். மூன்று பேர் மாட்டினால், சொல்லிக்கொடுக்கிற எங்களிடமும் எங்கோ குறை இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. 1953ல் பால் போபெரெஸ்னி என்பவர், வீட்டிலேயே விமானம் கட்டுகிற சில பேரைச் சேர்த்துக்கொண்டு மில்வாக்கியில் தொடங்கிய சங்கம் இ.ஏ.ஏ. அதன் வருடாந்தரச் சந்திப்பு 1970லிருந்து விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில், விட்மன் விமான நிலையத்தில்தான் நடக்கிறது. ஜூலை கடைசியில் ஏழு நாள். ஆறு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அந்த வட்டாரத்து நிலையங்களையும் சேர்த்தால் பத்தாயிரம் விமானம் வரை வந்து இறங்குகிறது. வருடம் முழுக்க அமைதியாகக் கிடக்கிற ஊர்க் கோபுரம், அந்த ஒரு வாரம் உலகத்திலேயே அதிகப் பரபரப்பான கட்டுப்பாட்டுக் கோபுரம் ஆகிவிடும். திருவிழா என்றால் திருவிழாதான். முதல் வருடம் நான் இறங்கிப் புல்லில் உருண்டு நின்றபோது, கொடி அசைத்து வழிகாட்டிய தாத்தா ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் குறை சொல்லவே மாட்டேன். போங்கள், கட்டாயம் போங்கள். எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் எனக்குச் சண்டை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்கள் ஆஷ்காஷுக்குள் நுழைகிற வழிக்கு ஃபிஸ்க் வருகை என்று பெயர். ரிப்பன் என்ற சிற்றூரின் மேல் வந்து, வடகிழக்கே ஓடுகிற ரயில் பாதையைப் பிடித்து, ஃபிஸ்க் என்ற கிராமம் வரை ஒற்றை வரிசையாக வரவேண்டும். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி, வேகம் 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல். அவ்வளவு மெதுவாகப் பறக்க முடியாத விமானங்களுக்கு 2,300 அடி, 135 நாட். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் அரை மைல் இடைவெளி. முந்தக் கூடாது, பக்கத்தில் பறக்கக் கூடாது. ஃபிஸ்க் பக்கத்தில் ஒரு மேட்டில் கட்டுப்பாட்டாளர்கள் இளஞ்சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தொலைநோக்கியோடு நிற்பார்கள். "நீல நிற, மேல் இறக்கை விமானம், இறக்கையை ஆட்டுங்கள்" என்பார் ஒருவர். நீங்கள் ஆட்டுவீர்கள். ரயில் பாதையிலேயே தொடர்வதா, ஃபிஸ்க் அவென்யூவைப் பிடித்துத் திரும்புவதா, எந்த ரன்வே, எந்த அலைவரிசை என்று சொல்லி அனுப்புவார். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. இறக்கை ஆட்டுவதுதான் பதில்.

மறுபடி படியுங்கள். தொலைநோக்கியோடு, மேட்டில் நிற்கிறார்கள். உங்கள் பெயரோ பதிவு எண்ணோ அவர்களுக்குத் தெரியாது. நிறமும் உருவமும்தான் தெரியும். ரிப்பனுக்கும் ஃபிஸ்குக்கும் நடுவில் நீங்கள் யாரை உரசப் போகிறீர்கள் என்று அந்த மேட்டிலிருந்து அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பார்த்தாலும், வாய் திறக்காத முப்பது விமானங்களில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? அவர்கள் செய்வது வரிசைப்படுத்துவது மட்டுமே. மோதாமல் பார்த்துக்கொள்வது, இடைவெளி காப்பது, வேண்டாம் என்று விலகுவது எல்லாம் உங்கள் வேலை. ஆஷ்காஷில் மட்டும் இல்லை, கண்பார்வை விதியில் பறக்கிற எந்த நாளிலும் அது உங்கள் வேலைதான். மற்ற நாட்களில் ரேடார் கட்டுப்பாட்டாளர் மரியாதைக்கு, "பத்து மணித் திசையில் ஒருவர், கவனம்" என்று சொல்லி நம்மைப் பழக்கிவிட்டார். அந்தச் செல்லம் ஃபிஸ்கில் கிடைக்காது. "ஏ.டி.சி. பார்த்துக்குவாங்க" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவரோடு விமானத்தில் ஏறாதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு மன்னிக்கவும். மூன்று பேர்.

அந்தத் தம்பியின் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 90 நாட் வேகத்தில் அரை மைல் என்பது ஏறக்குறைய இருபது விநாடி. முன்னால் இருப்பவர் ஒழுங்காக 90ல் போகிறார். இவன் 110ல் வருகிறான். ஒன்றரை நிமிடத்தில் அவர் முதுகில் ஏறிவிடுவான். "மெதுவாகப் போனான்" என்று அவன் சொன்னவர் சரியாகத்தான் போயிருக்கிறார். இவனுக்கு 90ல் பறந்து பழக்கம் இல்லை. வாடகைக்கு எடுக்கிற செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எப்போதும் 110, 115ல் ஓட்டியே பழகினால், 90ல் மூக்கு கொஞ்சம் தூக்கினாற்போல் இருப்பது பயமாகத்தான் இருக்கும். ஜூன் மாதமே ஏதாவது ஒரு வயல்வெளிக்கு மேல் போய், 90 நாட்டில், உயரம் ஐம்பது அடிகூடப் பிசகாமல், ஒரு சாலையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பறந்து பாருங்கள். முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருக்கும். அப்புறம் எவ்வளவு கடினம் என்று புரியும்.

நோட்டீஸ் படித்தாயா என்று கேட்டேன். "யூடியூப்ல நிறைய வீடியோ பார்த்தேன் அண்ணா" என்றான்.

அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. ஒவ்வொரு வருடமும் இந்த ஒரு கண்காட்சிக்கென்றே தனி நோட்டீஸ் வெளியிடுகிறது. முப்பது பக்கத்துக்கு மேல் வரும். படம் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் விளக்கியிருப்பார்கள். நீங்கள் பார்த்த வீடியோ எந்த வருடத்தது? வழிகள் மாறியிருக்கின்றன. 2018ல் கண்காட்சிக்கு முந்தைய வார இறுதி முழுக்க மேகம் தாழ்ந்து கிடந்தது. ஞாயிறு திறந்ததும் இரண்டு நாள் கூட்டம் ஒரே மதியத்தில் ரிப்பன் மேல் வந்து குவிந்தது. ஏரிகளைச் சுற்றி மணிக்கணக்கில் வட்டமிட்டார்கள். அதற்கப்புறம்தான் ரிப்பனுக்கும் முன்னாலேயே எண்டெவர் பாலம், பக்கவே ஏரி, கிரீன் லேக் என்று நுழைவுப் புள்ளிகளைச் சேர்த்தார்கள். பழைய வீடியோவை நம்பி நேரே ரிப்பனுக்கு வருகிறவர், ஒழுங்காக வரிசையில் வருகிறவர்களின் நடுவில் குறுக்கே புகுந்துவிடுவார். அந்த வருடத்து நோட்டீஸை அச்செடுங்கள். பென்சிலால் கோடு போட்டுப் படியுங்கள். டேப்லெட்டில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஜூலை வெயிலில் டேப்லெட் சூடேறி அணைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

டேப்லெட் பேச்சு வந்துவிட்டது. அந்த வாரம் ரிப்பன் வட்டாரத்தில், சுற்றியுள்ள விமானங்களைக் காட்டுகிற அதன் திரையைப் பார்த்தால் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். அதில் ஒரு அம்புக்குறியைத் தேடுகிற நேரத்தில், நிஜமான விமானம் ஜன்னலை நிரப்பிவிடும். ரிப்பன் வருவதற்கு முன்பே திரையை மூடி வைத்துவிடுங்கள். பக்கத்தில் மனைவியோ நண்பரோ உட்கார்ந்திருந்தால் கேமராவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "வலப்பக்கம் முழுக்க உன் பொறுப்பு, எது தெரிந்தாலும் சொல்லு" என்று கேளுங்கள். என் மனைவிக்கு விமானம் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பறவைகூடப் போனதில்லை.

இனி இறங்குவது. ஒரே ரன்வேயில் வண்ணப் புள்ளிகள் வரைந்து வைத்திருப்பார்கள். ஒருவர் ஆரஞ்சுப் புள்ளியில் இறங்கும்போது இன்னொருவர் பச்சைப் புள்ளிக்குப் போவார். பிரதான ரன்வேக்கு இணையாக, விமானங்கள் தரையில் உருண்டு போகிற பாதையான டாக்ஸிவேயைக்கூட அந்த வாரம் ரன்வேயாக மாற்றிவிடுகிறார்கள். கடைசி நொடியில், "இன்னும் பறந்துகொண்டே போங்கள், அடுத்த புள்ளி" என்று குரல் வரும். இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஸ்டால் (வேகம் போதாமல் இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) பற்றி இங்கே பாடம் எடுக்கப்போவதில்லை, உரிமம் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கீழே கூட்டம், காதில் குரல், முன்னால் மெதுவான விமானம், ரன்வேயைத் தாண்டிவிட்டோமே என்ற அவசரம் எல்லாம் சேரும்போது, கை தானாகவே இறுக்கித் திருப்பும். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம் ஏறக்குறைய இருபது சதவீதம் கூடிவிடுகிறது. 60 டிகிரி என்றால் நாற்பது. கீழே ஆயிரம் அடிகூட இல்லை. புள்ளியைத் தவறவிட்டால் தவறவிடுங்கள். கோபுரம் திட்டாது. திருப்பம் சரிப்படவில்லை என்றால் பவர் கொடுத்து மேலே ஏறுங்கள், இன்னொரு தடவை வரலாம். அதில் ஒரு அவமானமும் இல்லை. நானே போயிருக்கிறேன், இருபது வருட அனுபவத்துக்கு அப்புறம்.

எரிபொருள். இந்தக் கோடையின் இரண்டாமவர் இதில் மாட்டியவர். ஏரி மேல் வட்டமிட்டு வட்டமிட்டு, முள் இறங்க இறங்க, "இப்போது விலகினால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போகணுமே" என்று அங்கேயே இருந்திருக்கிறார். நான் வைத்திருக்கிற கணக்கு, ரிப்பன் தொடும்போது தொட்டியில் இரண்டு மணி நேரம் இருக்கவேண்டும். ஆப்பிள்டன், ஃபாண்ட் டு லாக் போன்ற நிலையங்களின் பெயரும் அலைவரிசையும் தொடையில் கட்டிய தாளில் இருக்கவேண்டும். பிற்பகலில் வான்சாகச நேரத்திலும், இரவிலும் ஆஷ்காஷை மூடிவிடுவார்கள். சாயங்காலம் மூடுகிற நேரத்தை ஒட்டி வந்து, "பத்து நிமிடம்தானே" என்று கெஞ்சுவதற்கு அங்கே யாரும் இல்லை.

"அப்படியானால் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகிறேன்" என்பார்கள், நான்கு பேர், கூடாரம், ஐஸ் பெட்டியோடு. 172எஸ் விமானத்தின் உச்ச எடை 2,550 பவுண்டு. தொட்டி நிறைய நிரப்பினால் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 550 பவுண்டு சொச்சம். நம் ஊர்ச் சாப்பாட்டில் வளர்ந்த நான்கு ஆண்களை அதில் அடக்க முடியாது, நான் முயற்சி செய்து பார்த்தவன். திரும்பும்போது இன்னும் மோசம். ஃபிளை மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது என்று கருவிப்பெட்டியும் சக்கரமும் வாங்கிப் பின்னால் திணித்திருப்பார்கள். வெயில் ஏறிய நேரம், ஏழு நாள் வெயிலில் நடந்த அலுப்பு, தூக்கம் இல்லாத கூடாரம். வருவதற்கு ஒரு மாதம் படித்தவர்கள், புறப்படும் முறைக்கு நோட்டீஸில் இருக்கிற பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. வாங்கின சாமானைத் தபாலில் அனுப்புங்கள், ஐயா.

தரையில் இரண்டே விஷயம். புயல் வரும், கட்டாயம் வரும். 2010ல் பெய்த மழையில் புல்வெளியே சேறாகி விமானங்களை நிறுத்த இடமில்லாமல் போனது. கடையில் வாங்குகிற கூடார முளையால் விமானத்தைக் கட்டாதீர்கள், அதற்கென்றே இருக்கிற நங்கூரமும் நல்ல கயிறும் கொண்டுவாருங்கள். உங்கள் விமானம் பறந்துபோனால் அடுத்தவர் விமானத்தின் மேல்தான் விழும். அப்புறம், சுழலிக்குப் பக்கத்தில் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் சரி. இதற்குக் காரணம் வேறு சொல்லவேண்டுமா?

மூன்றாமவர் பற்றிச் சொல்லவில்லையே. அவர் எல்லாம் படித்து, எல்லாம் பழகி, சரியாகத்தான் வந்தார். "பச்சைப் புள்ளி" என்று காதில் விழுந்தது, ஆனால் அது முந்தின விமானத்துக்குச் சொன்னது. வேறொருவரை இறக்கை ஆட்டச் சொன்னதற்கு இவர் ஆட்டிவிட்டார். இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு எங்கள் கூடாரத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எதுவும் பேசவில்லை. சாம்பார் சாதம் கொடுத்தோம்.

அந்தத் தம்பி மறுநாள் ஃபாண்ட் டு லாக்கிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான். மூன்று நாள் சுற்றினான், முகம் தெளிந்தது. அடுத்த வருடம் பறந்துதான் வருவேன் என்கிறான். ஜூன் முதல் சனிக்கிழமை, நோட்டீஸின் அச்சுப் பிரதியோடு வரச்சொல்லியிருக்கிறேன். வலது இருக்கையில் நான் உட்காருவேன். அரை மணி நேரம் ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், நான்தான் ஏ.டி.சி. என்று நினைத்துக்கொள் என்றேன். கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, அப்புறம் சிரித்தான்.