எழுத்தை அழித்தால் வீடியோ வெட்டுப்படும்: தமிழ்ப் பேச்சில் ஏஐ எடிட்டிங்

ஒரு மணி நேர நேர்காணலைப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்க, எடிட்டர் முன்பெல்லாம் முழுப் பேச்சையும் கேட்டு, நல்ல இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு வீடியோத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக் காட்டும் டைம்லைனில் உட்காருவார். 2023-இல் அடோபி பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் வேறொரு வழியைக் கொண்டுவந்தன. பேச்சு முழுவதும் எழுத்தாகத் திரையில் வரும். வேண்டாத வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தால், அந்த வாக்கியம் பேசப்பட்ட வீடியோத் துண்டும் டைம்லைனிலிருந்து போய்விடும்.

இதில் ஏஐ செய்யும் வேலை ஒன்றுதான்: எந்தச் சொல், எந்த நொடியில் பேசப்பட்டது என்று கணிப்பது. அந்தக் கணிப்பு தவறினால் வெட்டும் தவறும். தமிழ்ப் பேச்சில் அது தவறும் இடங்கள் ஆங்கிலத்தில் தவறும் இடங்களிலிருந்து வேறுபட்டவை. கருவிகளின் முன்னிருப்பு அமைப்புகளை அப்படியே விட்டுவைப்பதால்தான் பல தமிழ் எடிட்டர்கள் ‘இது நமக்குச் சரிவராது’ என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். சில அமைப்புகளை மாற்றினாலே போதும், நன்றாகவே சரிவரும்.

எடிட்டிங் மென்பொருளின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லையென்றால், பேச்சை எழுத்தாக்கும் ஏஐ மாதிரியான விஸ்பரைத் தனியாக ஓட்டலாம். ஓபன்ஏஐ 2022 செப்டம்பரில் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 6,80,000 மணி நேர ஒலியும் அதற்கான எழுத்தும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. கிடைக்கும் எழுத்தை எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பாக எடுத்து பிரீமியரில் கேப்ஷன் தடமாக வைத்தால், ஒரு வரியைச் சொடுக்கியதும் பிளேஹெட் (டைம்லைனில் ஓடும் இடத்தைக் காட்டும் கோடு) அந்த இடத்துக்குப் போகும். எழுத்தை அழித்து வெட்டும் வசதி இதில் கிடைக்காது. ஆனால் தேடும் நேரம் வெகுவாகக் குறையும்.

விஸ்பர் முதலில் ஒலியை 16 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி 30 வினாடித் துண்டுகளாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டும் 10 மில்லி வினாடிக்கு ஒன்று என நுண்கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் படமாகிறது. மாதிரியின் ஒரு பாதி அந்தப் படத்தைப் படிக்கிறது. மறுபாதி, கேட்டதையும் தான் இதுவரை எழுதியதையும் சேர்த்துப் பார்த்து, அடுத்த எழுத்துத் துணுக்கு எதுவாக இருக்கும் என்று கணிக்கிறது. ஒலி தெளிவில்லாத இடத்தில் இரண்டாம் பாதியின் பழக்கம் மேலோங்கிவிடும். பின்னணி இசை மட்டும் ஓடும் இடத்தில் யாரும் சொல்லாத ‘நன்றி’ வந்து விழுவது இதனால்தான். ஃபாஸ்டர்-விஸ்பர் வடிவத்தில் பேச்சில்லாத பகுதிகளை முன்கூட்டியே விலக்கும் வடிகட்டி இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள்.

மொழியை நாமே ‘தமிழ்’ என்று குறித்துவிடுவதும் அவசியம். குறிக்காவிட்டால் விஸ்பர் முதல் 30 வினாடியைக் கேட்டு மொழியை முடிவு செய்யும். ‘ஹாய் ஃபிரெண்ட்ஸ், வெல்கம் பேக்’ என்று தொடங்கும் வீடியோவுக்கு ஆங்கிலம் என்று முடிவு செய்துவிட்டால், மீதிப் பேச்சு முழுவதும் அரைகுறை ஆங்கிலமாக வரும்.

அடுத்தது பலர் கவனிக்காத சிக்கல். மாதிரி ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதிச் சுழலில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் உடையது. அதைக் கண்டுபிடிக்க விஸ்பர் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறது: எழுதியதை ஜிப் கோப்பு போலச் சுருக்கிப் பார்ப்பது. ஒரே வரி பத்து முறை வந்திருந்தால் கோப்பு நன்றாகச் சுருங்கும். சுருக்க விகிதம் 2.4-ஐத் தாண்டினால் அந்த முடிவைத் தள்ளிவிட்டு, கணிப்பில் தற்செயலின் அளவைக் கூட்டி மறுபடி முயலும். 0-இல் தொடங்கும் இந்த அளவு 0.2, 0.4 என்று 1.0 வரை ஏறும்.

இந்தச் சோதனை ஆங்கிலத்துக்குப் பொருந்துகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். அந்த மூன்றில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. ஆகவே எதுவும் திரும்ப வராத, சரியாக எழுதப்பட்ட தமிழே நன்றாகச் சுருங்கி 2.4-ஐத் தாண்டிவிடக்கூடும். சரியான முடிவு குப்பைக்குப் போகும். அதன் இடத்தில் தற்செயல் கூடிய, பிழை மலிந்த வரி வந்து உட்காரும். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் நேரமும் செலவாகும். இந்த எல்லையை 3-க்கு மேல், 3.5 வாக்கில் வைத்துப் பாருங்கள். உண்மையான சுழலில் விகிதம் இதைவிட வெகுவாக எகிறும் என்பதால் சோதனை பயனற்றுப் போய்விடாது. கூடவே, முந்தைய துண்டின் எழுத்தை அடுத்த துண்டுக்குக் குறிப்பாகத் தரும் அமைப்பை அணைத்துவிட்டால் ஒரு துண்டின் பிழை அடுத்ததற்குத் தொற்றாது.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு 30 வினாடித் துண்டுக்கு மாதிரி எழுதக்கூடியது ஏறத்தாழ 224 துணுக்குகள். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துணுக்கில் முடிந்துவிடும். தமிழ்ச் சொல் பல துணுக்குகளாக உடைபடும். வேகமாகப் பேசுபவரின் தமிழ் இந்த வரம்பை முட்டும்போது வாக்கியம் பாதியில் நிற்கும். சப்டைட்டிலில் சில வினாடிப் பேச்சு காணாமல் போயிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். அந்தப் பகுதியை மட்டும் 10, 15 வினாடித் துண்டுகளாக வெட்டித் தனியாக ஓட்டினால் விடுபட்ட பேச்சு கிடைத்துவிடும்.

‘லார்ஜ்’ மாதிரிக்கு ஏறத்தாழ 10 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகமும் ‘மீடியம்’ மாதிரிக்கு 5 ஜிபியும் தேவை. தமிழுக்கு மீடியத்துக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. சிறிய மாதிரியில் மிச்சமாகும் நேரத்தைவிடத் திருத்தும் நேரம் அதிகமாகிவிடும்.

மௌனத்தை வெட்டும் தானியங்கிக் கருவிகளில் தமிழ்ப் பேச்சுக்கு ஆபத்து ஒன்று இருக்கிறது. ‘பத்து’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நாக்கு பல்லைத் தொட்டு நிற்கும் ஒரு கணம் ஒலியே இருக்காது. அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் ‘ப’வுக்கும் ‘து’வுக்கும் இடையில் தட்டையான கோடாக அது தெரியும், நீளம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு வாக்கில். ‘பாட்டு’, ‘அக்கா’, ‘அப்பா’ எல்லாவற்றிலும் இது உண்டு. குறைந்தபட்ச மௌனத்தை 0.1 வினாடி என்று வைத்த கருவி இதையும் மௌனம் என்று எண்ணிக் கத்தரிக்கும். ஒற்று தேய்ந்து, பேசுபவருக்கு நாக்குத் தடித்தது போல் ஒலிக்கும். குறைந்தபட்ச மௌனத்தை 0.5 வினாடியாக வைத்து, வெட்டின் இரு பக்கமும் 0.15 வினாடி விட்டுவையுங்கள். எழுத்தை அழித்து வெட்டும்போதும் இதே கவனம் வேண்டும். 25 ஃப்ரேம் வீடியோவில் ஒரு ஃப்ரேம் 40 மில்லி வினாடி. சொல்லின் தொடக்கத்துக்கு இரண்டு மூன்று ஃப்ரேம் முன்னால் வெட்டி, ஒலிக்கு இரண்டு ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தேயத் தேய அடுத்தது எழும் இணைப்பு) கொடுத்தால் ‘டிக்’ சத்தம் வராது.

சப்டைட்டில் தொடக்கத்திலேயே ஒரே அளவில் விலகியிருந்தால் மொத்தத்தையும் நகர்த்தினால் போதும். தொடக்கத்தில் பொருந்திப் போகப் போக விலகினால் காரணம் ஃப்ரேம் வீதம். 29.97-ஐ 30 என்று எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 3.6 வினாடி விலகும். செல்போன் வீடியோவில் ஃப்ரேம் வீதம் ஏறி இறங்குவதால், எஃப்எஃப்எம்பெக் அல்லது ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் நிலையான வீதத்துக்கு மாற்றிவிட்டு, அந்தக் கோப்பிலிருந்தே எழுத்தாக்கத்தைத் தொடங்குங்கள்.

வெட்டுவதற்கு முன் எழுத்தில் மூன்று வகைச் சொற்களைக் கட்டாயம் ஒலியோடு ஒப்பிட வேண்டும்: பெயர்கள், எண்கள், எதிர்மறை முடிவுகள். விரைந்த பேச்சில் கடைசி அசை விழுங்கப்பட்டால் ‘முடியும்’, ‘முடியாது’ போன்றவற்றில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று எழுத்தில் வந்துவிடக்கூடும். எழுத்தை மட்டும் நம்பி வெட்டினால் ஒருவர் சொன்னதற்கு நேர்மாறானதைச் சொன்னதாகக் காட்டிவிடுவோம். நேர்காணல் கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய அநீதி எடிட்டிங் மேசையில் செய்ய முடியாது.

கடைசியாக, பிரீமியரில் சப்டைட்டிலின் ‘கொ’ புள்ளிவட்டத்தோடு உடைந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. கிராஃபிக்ஸ் விருப்பத் தேர்வுகளில், எழுத்துகளைத் திரையில் அமைக்கும் டெக்ஸ்ட் எஞ்சினை ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றினால் கொம்பும் காலும் அதனதன் இடத்துக்கு வந்துவிடும்.