லேமினைட்டிஸ்னா என்ன, அதுக்கும் லாடத்தைக் கழட்டறதுக்கும் என்ன சம்பந்தம்

மட்டக்குதிரை வெச்சிருக்கறவங்க ரொம்பப் பயப்படற வார்த்தைகள்ல லேமினைட்டிஸ் ஒண்ணு. டாக்டர் வந்து பார்த்துட்டு லேமினைட்டிஸ்னு சொல்லி, அப்படியே "லாடத்தைக் கழட்டிடலாம், கொஞ்ச காலம் பேர்ஃபுட்டா இருக்கட்டும்"னும் சொன்னா பல பேருக்குக் குழப்பமாயிடும், கால் ஊனவே முடியாம நிக்கற ஜீவனுக்கு இருக்கற லாடத்தையும் பிடுங்குவாங்களான்னு. ஆனா லேமினைட்டிஸ்ங்கற பேரைப் பிரிச்சுப் பார்த்தா ஏன் கழட்டச் சொல்றாங்கன்னு பாதி புரிஞ்சிடும்.

லேமினா லத்தீன் சொல். மெல்லிசான தகடு, ஏடுன்னு அர்த்தம். பின்னாடி வர்ற ஐட்டிஸ் கிரேக்க விகுதி, ஆரம்பத்துல அதுக்கு "அதைச் சேர்ந்தது"ங்கற பொருள்தான், பிற்பாடு மருத்துவத்துல அழற்சிங்கற பொருள்லயே நின்னுடுச்சு. அழல்னா நெருப்பு, அதுல இருந்து வர்றதுதான் நம்ம அழற்சி, சூடு வீக்கம் வலி எல்லாம் அதுல அடக்கம். அதனால நேரா தமிழ்ப்படுத்தினா குளம்புத் தகட்டழற்சி. சில பேர் சுருக்கமா "குளம்பு அழற்சி"ன்னு எழுதறாங்க, எனக்கு அது பிடிக்கல, குளம்புல எந்த இடம்னு அதுல தெரியாது, ஆடு மாட்டுக்கு வர்ற குளம்பு அழுகலோட போட்டுக் குழப்பிக்கவும் வாய்ப்பிருக்கு. இதைக் கோமாரின்னு நினைக்கறவங்களும் இருக்காங்க, கோமாரி குதிரைக்கு வரவே வராது.

சரி, எந்தத் தகடு? குதிரை நிக்கறது நடுவிரல் நுனியில, குளம்புங்கறது அந்த விரலோட நகம். உள்ள இருக்கற கடைசி எலும்பு குளம்போட அடிப்பாகத்துல உக்காந்திருக்குன்னு நாம நினைச்சுக்கறோம். அப்படி இல்ல, அது குளம்புச் சுவரோட உள்பக்கத்தைப் பிடிச்சுத் தொங்குது! பிடிச்சுத் தொங்க விடறது இந்தத் தகடுகள்தான், ஒரு குளம்புல 550ல இருந்து 600 வரைக்கும் பெரிய தகடு, ஒவ்வொண்ணுலயும் 150, 200ன்னு பொடித்தகடு. சுவர்ப்பக்கத் தகட்டுக்கு உணர்ச்சி கிடையாது, எலும்புப்பக்கத் தகட்டுல ரத்தமும் நரம்பும் ஓடுது, ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டு இருக்கும். அந்தக் கோப்பு விட்டுப் போகும்போது வலி நகக்கண்ணுல ஊசி ஏறின மாதிரி, அதுவும் மொத்த உடம்போட பாரமும் அது மேலயே நிக்கும்போது. அதனாலதான் முன்னங்காலை முன்னாடி நீட்டி, பாரத்தைக் குதிக்குத் தள்ளிப் பின்பக்கமா சாஞ்சு நிக்கும். குளம்புக்கு மேல தொட்டா நாடி திம் திம்னு அடிக்கறது தெரியும்.

கோப்பு ரொம்ப விட்டுப்போச்சுன்னா எலும்பு சுழலும், இல்லேன்னா இறங்கும். அந்தக் கட்டத்துக்கு இங்கிலீஷ்ல ஃபவுண்டர்னு தனிப்பேர், பழைய பிரெஞ்சுல மூழ்கறதைக் குறிக்கற சொல்லு, லத்தீன்ல ஃபண்டுஸ்னா அடி, அங்க இருந்து வந்தது. கப்பல் மூழ்கறதுக்கும் அதே சொல்தான். கிரேக்கர்கள் பார்லி தின்னு வர்ற நோய்னு பேர் வெச்சாங்க, அரிஸ்டாட்டில் காலத்துலயே அந்தப் பேர் இருக்கு. என்னைக் கேட்டா அதுதான் காரணத்தைச் சரியாப் பிடிச்ச பேர். தானிய மூட்டைய அவுத்து வயிறு முட்டத் தின்னாலும் வரும், நஞ்சுக்கொடி உள்ள தங்கி விஷம் ஏறினாலும் வரும், ஒரு கால் ஒடிஞ்சு மத்த கால் மேல மாசக்கணக்கா பாரம் விழுந்தாலும் வரும் (அமெரிக்காவுல 2006 கென்டக்கி டெர்பி பந்தயத்துல ஜெயிச்ச பார்பரோங்கற குதிரைக்குக் கால் ஒடிஞ்சு, கடைசியில 2007 ஜனவரியில கதையை முடிச்சது இந்த லேமினைட்டிஸ்தான்). ஆனா மட்டக்குதிரைங்களுக்கு அதிகமா வர்றது இன்சுலின் கோளாறுல. 2007ல ஆஸ்திரேலியாவுல ஆரோக்கியமா இருந்த மட்டக்குதிரைங்களுக்கு இன்சுலினை ஏத்தியே மூணு நாளைக்குள்ள இந்த நோயை வரவெச்சுக் காட்டினாங்க. இந்த வகையில தகடு இழுபட்டு நீளறதுதான் முதல்ல, அழற்சி பெருசா இல்ல, ஆக இங்க ஐட்டிஸும் பொருந்தாது அழற்சியும் பொருந்தாது. இருந்தாலும் பேர் நிலைச்சுடுச்சு, இனி மாத்தறது கஷ்டம்.

இப்ப லாடத்துக்கு வருவோம். லாடம் (சொல் முதல்ல ல வராதுன்னு இலாடம்னு எழுதறவங்களும் உண்டு) உக்கார்றது குளம்புச் சுவரோட விளிம்புல. அப்ப பாரம் முழுக்கச் சுவர் வழியா ஏறுது, சுவரையும் எலும்பையும் இணைக்கறது அந்தப் பிஞ்சுபோன தகடுதான், அதாவது எது அறுந்துகிட்டு இருக்கோ அதையே பிடிச்சு இழுக்கறோம். லாடத்தைக் கழட்டி மெத்துனு ஆழமா மணலோ மரச்சீவலோ போட்டு நிக்க வெச்சா, உள்ளங்குளம்பும் பின்பக்கம் இருக்கற ஃப்ராக்குங்கற முக்கோணப் பாகமும் பாரத்துல பங்கு எடுத்துக்கும், சுவருக்கு ஓய்வு கிடைக்கும். இதுதான் பேர்ஃபுட்டோட நியாயம். வெறுங்கால்னா மனுஷன் ஞாபகம்தான் வருது, நான் வெறுங்குளம்புன்னு எழுதறேன்.

ஆனா கழட்டினா மட்டும் ஆச்சான்னா இல்ல. எக்ஸ்ரே எடுத்து எலும்பு எங்க நிக்குது, உள்ளங்குளம்பு எவ்வளவு கனம்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி குளம்பைச் சீவணும், நுனி நீளமா இருந்தா ஒவ்வொரு அடிக்கும் அது நெம்புகோலா சுவரைப் பிய்க்கும், அதனால நுனியைப் பின்னுக்குக் கொண்டு வரணும், குதியை ஒரேயடியா வெட்டிடக் கூடாது. குளம்பு மாசத்துக்கு 6ல இருந்து 10 மில்லிமீட்டர்தான் வளரும், மேல இருந்து நுனி வரைக்கும் புதுசா இறங்கி வர 9 மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். அதுவும் தீனி சரியா இருந்தாத்தான்: பச்சைப்புல் மேய்ச்சல் கட், தானியம் கட், காய்ஞ்ச புல்லைத் தண்ணியில ஊறவெச்சுச் சர்க்கரையை இறக்கிக் குடுக்கணும். கழுத்துல கொழுப்பு கட்டி நிக்கற குதிரைக்குத் தீனியை மாத்தாம லாடத்தை மட்டும் கழட்டறது சுத்த வேஸ்ட்.

எல்லாக் குதிரைக்கும் வெறுங்குளம்பு ஒத்து வராது. அடி ரொம்ப மெல்லிசு, தரை கல்லுங்கரடுமா இருக்கு, எலும்பு அடியைத் துளைக்கற நிலைமை, இப்படி இருந்தா ஃப்ராக்கைத் தாங்கற ஹார்ட் பார் லாடமோ, ஆணி அடிக்காம பசையில ஒட்டற லாடமோ, மரக்கட்டை லாடமோ டாக்டரும் லாடக்காரரும் சேர்ந்து முடிவு பண்ணுவாங்க. நடுவுல ஒரு வழியும் இருக்கு, உள்ள மெத்தை வெச்ச குளம்பு பூட்ஸ். பூட்ஸ் போட்டா அது வெறுங்குளம்பான்னு சண்டை போடறவங்க உண்டு, வேணுங்கறப்ப கழட்டலாம், ஆணி இல்ல, பாரம் விளிம்போட நிக்காம அடிக்கும் போகுது, அதனால வெறுங்குளம்பு வைத்தியத்துல அதையும் சேர்த்துக்கலாம்னுதான் நான் சொல்லுவேன். தினம் ஒரு தடவை கழட்டிக் காயவிட்டு, குதிக்கு மேல தோல் உரசிப் புண்ணாயிருக்கான்னு பார்க்கணும், அதை மட்டும் விட்டுடாதீங்க.