வால்வு நேரத்தை மாற்றும் முன் பிஎச் அளவைப் பாருங்கள்

நொதித்தல் வழியே கரிம அமிலம் தயாரிக்கும் ஆலைகளில், நொதிகலனுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அதற்குப் பிந்தைய பிரித்தெடுப்புக்குக் கிடைப்பதில்லை. லாக்டிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். நுண்ணுயிர் உண்டாக்கும் அமிலமே அதன் வளர்ச்சியை முடக்கிவிடும் என்பதால் சுண்ணாம்பு சேர்த்து நடுநிலைப்படுத்துகிறோம். பின்னர் கந்தக அமிலம் சேர்த்து அமிலத்தை மீட்கிறோம். அப்போது ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) குவிகிறது.

இதற்கு மாற்றாகப் பலரும் நாடுவது தொடர் குரோமடோகிராபி, அதாவது கரைசலில் உள்ள பொருள்கள் ரெசின் படுகையில் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் கொண்டு அவற்றை இடைவிடாமல் பிரிக்கும் முறை. டொனால்ட் பிராட்டனும் கிளாரன்ஸ் கெர்ஹோல்டும் 1961-இல் காப்புரிமை பெற்ற உருவக நகர்படுகை முறையே இதன் அடிப்படை. ரெசின் (செயற்கைப் பிசின் மணிகள்) நிரப்பிய கலன்கள் வளையமாக இணைக்கப்பட்டிருக்கும். ரெசின் நகராது, கரைசலும் நீரும் நுழையும் இடங்களையும், அமிலமும் கழிவும் வெளியேறும் இடங்களையும் வால்வுகள் குறித்த இடைவெளியில் திரவம் ஓடும் திசையில் தள்ளிவைப்பதால், ரெசின் எதிர்த்திசையில் நகர்வதுபோன்ற விளைவு கிடைக்கிறது.

பிரிப்பு சரியில்லை என்றதும் வால்வுகள் மாறும் இந்த இடைவெளியை, அதாவது வால்வு நேரத்தை, மாற்றத் தொடங்குவதையே நான் அதிகம் பார்க்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது உள்ளே வரும் கரைசலின் பிஎச் அளவுதான். ஹைட்ரஜன் வடிவிலுள்ள சல்ஃபோனிக் ரெசினின் எதிர்மின்னூட்டம் சல்ஃபேட், லாக்டேட் போன்ற எதிரயனிகளை விலக்குகிறது. அயனியாகாத அமிலம் மட்டுமே ரெசினுக்குள் புகுந்து தாமதமாக வெளிவருகிறது. லாக்டிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி அயனியாகும் பிஎச் அளவு, 3.86. பிஎச் 6-இல் அதில் 99 விழுக்காடு அயனியாகிவிடுவதால், அது உப்போடு உப்பாகக் கழிவில் போய்ச் சேரும்; பிஎச் 2.9-க்குக் கீழே இறங்கினால் 90 விழுக்காட்டுக்கு மேல் அமிலமாகவே நிற்கும். கருப்புப் பூஞ்சை ஆஸ்பர்ஜில்லஸ் நைகர் பிஎச் 2 அளவிலேயே சிட்ரிக் அமிலத்தைத் தருவதால், அந்தத் தொழிலில் இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது.

சோடாவோ அம்மோனியாவோ கொண்டு நடுநிலைப்படுத்தினால் ஜிப்சம் இராது. ஆனால் கரைந்த சல்ஃபேட் உப்பு கழிவோடை வழியே வந்தே தீரும், அதற்கும் வழி தேட வேண்டும். நீர்த்த அமிலத்தைச் செறிவூட்ட ஆவியாக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செல்களையும் புரதத்தையும் நுண்வடிப்பில் நீக்காமல் கரைசலை அனுப்பினால் கலன்களில் அழுத்த இழப்பு ஏறும். கால்சியமும் மக்னீசியமும் ரெசினில் ஏறிக்கொண்டால் அது சுருங்கும். அப்போது படுகையின் மேல் வெற்றிடம் விழுந்து, தெளிவாக வந்த அமிலப் பட்டை பரந்துபோகும். பார்வைக் கண்ணாடியில் அந்த இடைவெளி தெரிந்தால், அமிலம் கொண்டு ரெசினை மீண்டும் ஹைட்ரஜன் வடிவுக்கு மீளுருவாக்கிவிட்டு, படுகையின் உயரம் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே வால்வு நேரத்தைத் தொடுங்கள்.